குறைமாதக் குழந்தைகளுக்கான தொடர் கவனிப்புப் பிரிவு: ஒன்பது வருகைகளுக்குப் பின் ஒரு மதிப்புரை

என் மகள் முப்பதாவது வாரத்தில், 1,280 கிராம் எடையுடன் பிறந்தாள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 47 நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, அதே மருத்துவமனையின் தொடர் கவனிப்புப் பிரிவுக்கு இந்த இரண்டரை ஆண்டுகளில் ஒன்பது முறை அவளை அழைத்துச் சென்றிருக்கிறோம். எடை கூடிவிட்டது, பால் குடிக்கிறாள், இனியும் எதற்காக அலைய வேண்டும் என்று எங்களிடமே பலர் கேட்டதுண்டு. அதே கேள்வியோடு இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பாராட்டுகளோடு கடுமையான ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. கர்ப்பக் காலத்தில் என் உடலுக்குள் சென்றிருக்கக்கூடிய பூச்சி மருந்தைப் பற்றி இவர்கள் விசாரித்த விதமும், அந்தத் தகவலைக் கொண்டு குழந்தையைக் கவனித்த விதமும் நான் வேறெங்கும் காணாதவை என்பதால், இந்த மதிப்புரையில் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதல் வருகை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீண்டது. எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றை அளந்த பிறகு, திருத்திய வயது என்றால் என்னவென்று செவிலியர் பொறுமையாக விளக்கினார். பத்து வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் வயதிலிருந்து அந்தப் பத்து வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் அவள் தலை நிற்பதையும் குப்புறக் கவிழ்வதையும் எதிர்பார்க்க வேண்டும் என்பது, அதுவரை பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்கிக்கொண்டிருந்த எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதன் பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவர் நான்கு பக்கக் கேள்வித்தாள் ஒன்றை எடுத்தார். இரத்த அழுத்தம், சர்க்கரை, நோய்த்தொற்று, புகைப்பழக்கம் என்று வழக்கமான கேள்விகள் முடிந்ததும் அவர் கேட்டது இதுதான்: "அம்மா, நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது வீட்டில் கரப்பானுக்கோ கறையானுக்கோ மருந்து அடித்தீர்களா? எந்த மாதத்தில்? வீட்டுக்குப் பக்கத்தில் வயல், தோட்டம் ஏதாவது இருக்கிறதா? வீட்டில் யாராவது மருந்து தெளிக்கும் வேலைக்குப் போகிறார்களா?"

நான் இல்லை என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஐந்தாம் மாதத்தில் சமையலறைக் கரப்பான்களுக்காக ஓர் ஆளை வரவழைத்து வீடு முழுவதும் மருந்து அடித்திருந்தோம். நான்கு மணி நேரம் வெளியே இருந்தால் போதும், வாசனையே இருக்காது என்று அவர் சொன்னார். நாங்களும் அப்படியே செய்துவிட்டு மாலையில் திரும்பினோம். அன்றிரவு அலமாரித் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்தவள் நான்தான், அதுவும் கையுறை இல்லாமல். பேறுகாலப் பரிசோதனைகளில் எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். இந்தக் கேள்வி அவற்றில் ஒன்றில்கூட இருந்ததில்லை. ஆகவே, அந்த நாள் என் நினைவிலிருந்தே அகன்றுவிட்டிருந்தது.

என் முகம் மாறியதைக் கண்ட மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இது பழி சுமத்துவதற்கான கேள்வி அல்ல என்று முதலில் சொன்னார். தொடர்ந்து அவர் கூறிய விளக்கம்தான் இந்தப் பிரிவின் மீது எனக்கு நம்பிக்கை ஏற்படுத்தியது. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தைகள் எல்லாருமே குறைமாதக் குழந்தைகள். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தொற்று, உயர் இரத்த அழுத்தம், இரட்டைக் கர்ப்பம், கருப்பை வாயின் பலவீனம் என்று தெரிந்த காரணங்கள் பல உண்டு. பல பிரசவங்களில் காரணம் கண்டறியப்படுவதே இல்லை. ஒரு தாயிடம், இந்த மருந்தால்தான் உன் குழந்தை முன்னதாகப் பிறந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அது காரணமே அல்ல என்றும் உறுதி கூற முடியாது. தெரிந்ததை எழுதி வைத்துக்கொண்டு, குழந்தையின் எந்தத் திறனைச் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்கே இந்தக் கேள்வி பயன்படுகிறது என்றார்.

அந்த உரையாடலுக்குப் பிறகு நானும் தேடிப் படித்தேன். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும், ஆனால் அலட்சியப்படுத்தத் தக்கவையாகவும் இல்லை என்பதையும் அப்போது புரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை கர்ப்பமாக இருந்த பெண்களிடம் சேகரித்துப் பாதுகாக்கப்பட்ட இரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 2,380 குழந்தைகளில் 361 பேர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லி உடலில் சிதைந்து உருவாகும் டிடிஇ என்ற பொருள் தாயின் இரத்தத்தில் கூடக்கூட, குறைப்பிரசவத்தின் வாய்ப்பும் கூடியிருந்தது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளின் சில எச்சங்கள் தாயின் சிறுநீரில் அதிகமாக இருந்தபோது கர்ப்பக் காலம் சற்றுக் குறுகியிருந்தது. அதே மாநிலத்தின் சான் வாகீன் பள்ளத்தாக்கில் 1997 முதல் 2011 வரையிலான ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்களோ, பெரும்பாலான பகுதிகளில் தெளிவான பாதிப்பு எதையும் காணவில்லை. மிக அதிகமாக மருந்து தெளிக்கப்பட்ட உச்ச 5 விழுக்காட்டு இடங்களில் வாழ்ந்த தாய்மாரிடம் மட்டும் பாதகமான பிறப்பு விளைவுகள் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடியிருந்தன. இந்தக் கடைசி ஆய்வை மருத்துவரும் குறிப்பிட்டார். ஒருமுறை வீட்டில் மருந்து அடித்த தாயை ஆண்டு முழுவதும் வயல் காற்றைச் சுவாசித்த தாயோடு ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது என்பதற்கு அதையே அவர் சான்றாகக் காட்டினார்.

இரண்டாம் வருகையில் என் கணவர், இந்த ஆய்வுகளை எங்கள் மகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். மருத்துவர் ஒரு தாளை எடுத்து மூன்று வட்டங்களை வரைந்தார். முதல் வட்டம் கர்ப்பத்தில் உடலில் சேர்ந்த பூச்சி மருந்து, நடுவட்டம் குறைப்பிரசவம், மூன்றாவது பின்னாளில் குழந்தைக்கு வரும் குறைபாடு. குறைமாதத்தில் பிறப்பதே நுரையீரலையும் மூளையையும் பாதிக்கவல்லது. ஆகையால் மூச்சுத்திணறலோ வளர்ச்சித் தாமதமோ தெரியும்போது, அது மருந்து நேரடியாக விளைவித்ததா, குறைப்பிரசவத்தின் வழியாக வந்ததா, இரண்டுக்கும் தொடர்பில்லாத வேறொன்றா என்று பிரித்தறிவது மிகக் கடினம். பிறந்த வாரத்தைக் கணக்கில் கொண்டு புள்ளிவிவரத்தைச் சரிசெய்தால், மருந்து நடுவட்டத்தின் வழியாகச் செய்த தீங்கு மறைந்துவிடும். சரிசெய்யாமல் விட்டால், குறைப்பிரசவத்தின் மற்றக் காரணங்கள் செய்த தீங்கெல்லாம் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வுகளில் இடம்பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் நிறைமாதத்தில் பிறந்தவர்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இவ்வளவு வெளிப்படையாகத் தம் அறிவின் எல்லையைப் பெற்றோரிடம் சொல்லும் மருத்துவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. அந்தத் தாளை இன்றும் குழந்தையின் கோப்பில் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் குறைமாதக் குழந்தையைப் பற்றி ஏன் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்? இதற்கு அவர் தந்த பதில் புள்ளிவிவரத்தைச் சார்ந்ததல்ல, உடலின் இயக்கத்தைச் சார்ந்தது. நியூயார்க்கில் தாய்மாரின் இரத்தத்தையும் தொப்புள்கொடி இரத்தத்தையும் ஒப்பிட்டபோது, குளோர்பைரிபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. நஞ்சுக்கொடி அதைத் தடுத்து நிறுத்துவதில்லை என்பதே இதன் பொருள். அத்தகைய மருந்துகளின் நச்சுப் பொருளைச் சிதைக்கும் பாராஆக்சனேஸ் என்ற நொதி, பிறந்த குழந்தையிடம் தாயிடம் இருப்பதைவிடப் பன்மடங்கு குறைவாகவே வேலை செய்கிறது; குறைமாதக் குழந்தையிடம் அது இன்னும் குறைவு. நிறைமாதக் குழந்தை தாயின் வயிற்றில் கழிக்கும் கடைசிப் பத்து வாரத்தை இந்தக் குழந்தை வெளியுலகில் கழிக்கிறது. மூளை மிக வேகமாக வளர்ந்து மடிப்புகள் கொள்ளும் காலமும், நுரையீரலில் காற்றறைகள் பெருகும் காலமும் அதுவே. ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் தாக்கும் அசிட்டைல்கோலின் அமைப்பு, நரம்புகளிடையே செய்தியைக் கடத்துவதோடு நிற்காமல், வளரும் மூளையில் செல்கள் பெருகுவதிலும் இடம் சேர்வதிலும் பங்கு கொள்கிறது. நஞ்சின் வெளிப்படையான அறிகுறிகள் தோன்றாத சிறிய அளவுகளிலேயே மூளை வளர்ச்சியில் மாற்றங்கள் ஏற்படுவதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தோலைப் பற்றியும் ஒரு செய்தி சொன்னார்; அதை என்னால் மறக்க முடியவில்லை. 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு சிறிய மருத்துவமனையில், குழந்தைகளின் துணிகளைத் துவைக்கும்போது பென்டாகுளோரோபீனால் என்ற பூச்சிக்கொல்லி சேர்ந்த பொருளைப் பயன்படுத்திவிட்டார்கள். துணியில் எஞ்சியிருந்தது தோல் வழியாக உள்ளே சென்று ஒன்பது பச்சிளங்குழந்தைகள் கடுமையாக நோயுற்றனர். அவர்களில் இருவர் இறந்தனர். அது கர்ப்பக் காலத்து நிகழ்வல்ல, நாங்கள் வீட்டில் அடித்த மருந்தும் அதுவல்ல. ஆனால் புதிதாகப் பிறந்த குழந்தையின் தோலை ஒரு சுவராக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அதைவிட வலுவான எடுத்துக்காட்டு தேவையில்லை. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கோ மேல்தோலின் தடுப்படுக்கு முழுமையாக உருவாகியிருப்பதுகூட இல்லை.

பரிசோதனைகளுக்கு வருகிறேன். விழித்திரைப் பரிசோதனையும் செவித்திறன் பரிசோதனையும் முறையாக, குறித்த நாளில் நடந்தன. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நுரையீரலைப் பொறுத்தவரை, மகள் பல வாரங்கள் ஆக்சிஜன் ஆதரவில் இருந்தவள் என்பதால், ஒவ்வொரு சளிக்காய்ச்சலுக்குப் பின்னும் மூச்சின் வேகத்தையும் விலா ஒடுங்குவதையும் நிதானமாகப் பார்த்தார்கள். வீட்டில் தெளிப்பான், புகையும் சுருள், சூடாக்கி ஆவியாக்கும் திரவம் எதுவும் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார்கள். கொசுவுக்கு வலையும் சன்னல் கம்பி வலையும் போதும் என்றதோடு நிற்காமல், மருந்து தோய்க்காத வலைதானா என்று பார்த்து வாங்குங்கள் என்று சொல்லும் அளவுக்கு அவர்களிடம் நுணுக்கம் இருந்தது.

வளர்ச்சி மதிப்பீடுதான் இந்தப் பிரிவின் உயிர். பேய்லி அளவுகோல் என்று அழைக்கப்படும் சோதனையைத் திருத்திய வயது ஓராண்டிலும் இரண்டாண்டிலும் செய்தார்கள். கட்டைகளை அடுக்குவது, ஒளித்து வைத்த பொருளைத் தேடுவது, படியேறுவது, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது என்று குழந்தைக்கு அது ஒரு விளையாட்டாகவே நடந்தது. எங்கள் கேள்வித்தாளில் பூச்சி மருந்துக் குறிப்பு இருந்ததால், கைவிரல் நுண்ணியக்கத்தையும், ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு செய்து முடிக்கும் திறனையும் கூடுதலாக ஒரு முறை பார்ப்பதாகச் சொன்னார்கள். இதற்கு ஆதாரம் உண்டு. நியூயார்க் ஆய்வில், தொப்புள்கொடி இரத்தத்தில் குளோர்பைரிபாஸ் அதிகமாக இருந்த குழந்தைகள் மூன்று வயதில் இதே அளவுகோலின் இயக்கத்திறன் பகுதியில் சராசரியாக 6.5 புள்ளியும் அறிதிறன் பகுதியில் 3.3 புள்ளியும் குறைவாகப் பெற்றனர்; ஏழு வயதில் அவர்களின் செயல் நினைவாற்றல் பின்தங்கியிருந்தது. சலினாஸ் ஆய்வில், கர்ப்பத்தில் மிக அதிக அளவு ஆர்கனோபாஸ்பேட் சேர்ந்த பிரிவினரின் குழந்தைகள் ஏழு வயதில் மிகக் குறைந்த பிரிவினரின் குழந்தைகளைவிட நுண்ணறிவு ஈவில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கினர். பிலிப்பைன்ஸில், பிறந்தவுடன் குழந்தை கழிக்கும் கரும்பச்சை நிற முதல் மலத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், வீட்டுத் தெளிப்பான்களில் இருந்த புரோபாக்சர் என்ற பூச்சிக்கொல்லியை அதில் கண்டறிந்தனர். அது இருந்த குழந்தைகளின் இயக்கத்திறன் இரண்டு வயதில் குறைந்திருந்தது. வீட்டில் அடிக்கும் மருந்து கருவிலிருக்கும் குழந்தையைச் சென்றடைகிறது என்பதற்கு அந்த முதல் மலத்தைவிட நேரடியான சாட்சி வேறில்லை.

இந்த எண்களைப் படித்துவிட்டு இரண்டு இரவு நான் உறங்கவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தபோது, மருத்துவரே பேசினார். இவை பெருங்கூட்டத்தின் சராசரிகள், தனிக் குழந்தையின் தலைவிதி அல்ல என்று பொறுமையாக எடுத்துரைத்தார். அத்துடன், அதே நியூயார்க் ஆய்வின் மறுபக்கத்தையும் சொன்னார். 2001இல் அமெரிக்காவில் குளோர்பைரிபாஸ் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட பின் பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் அதன் அளவு வெகுவாகக் குறைந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் மருந்தின் அளவுக்கும் பிறப்பு எடைக் குறைவுக்கும் இடையே காணப்பட்ட தொடர்பு, பின்னவர்களிடம் காணப்படவில்லை. அச்சத்தில் இருக்கும் தாய்க்குத் தேவையானது அந்தத் தகவல்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அந்த மருந்துக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது; 2025இல், எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ், சில விலக்குகளோடு, உலக அளவில் ஒழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் அது சேர்ந்தது.

எங்கள் வீட்டில் அடித்தது பைரெத்ராய்டு என்ற வேறு வகைப் பூச்சிக்கொல்லி என்பதைப் பழைய ரசீதைத் தேடிக் கண்டுபிடித்தோம். அதன் ஆற்றலைக் கூட்டுவதற்குச் சேர்க்கப்படும் பைபெரோனில் பியூடாக்சைடு, கர்ப்பக் காலத்தில் தாய் சுவாசித்த காற்றில் அதிகமாக இருந்தபோது, குழந்தைகள் மூன்று வயதில் அறிதிறன் மதிப்பீட்டில் 3.9 புள்ளி குறைவாகப் பெற்றதாக 2011இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று தெரிவிக்கிறது. பெர்மெத்ரின் என்ற பைரெத்ராய்டை மட்டும் தனியே பார்த்தபோது அத்தகைய தொடர்பு தென்படவில்லை. வாசனையில்லாதது, பாதுகாப்பானது என்ற சொற்களை நம்பி ஒரு கலவையை வீட்டுக்குள் விடும் முன், அதில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

இப்போது குறைக்கு வருகிறேன். ஐந்தாம் வருகையின்போது மகள் தவழத் தொடங்கியிருந்தாள். காத்திருப்புக் கூடத்தில் குழந்தைகளுக்காக விரித்திருந்த பாயில் அவளை இறக்கிவிட்ட சில நிமிடங்களில், சுவரோரத்திலிருந்து எனக்கு நன்கு பழக்கமான ஒரு நெடி வந்தது. துப்புரவுப் பணியாளரிடம் கேட்டபோது, "நேத்து ராத்திரிதாம்மா மருந்து அடிச்சாங்க, கரப்பான் தொல்லை தாங்கலை" என்றார் அவர், மறைக்க வேண்டிய செய்தி என்ற எண்ணமே இல்லாமல். நான் உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அந்தப் பாயில் அப்போது இன்னும் மூன்று குழந்தைகள் இருந்தார்கள். நால்வருமே குறைமாதத்தில் பிறந்தவர்கள். வீட்டில் மருந்து அடித்த பின் தரைக்கு அருகே குழந்தை சுவாசிக்கும் உயரத்துக் காற்றில், பெரியவர் அமர்ந்து சுவாசிக்கும் உயரத்தைவிட அதிக மருந்து இருப்பதை 1990இலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒருமுறை அடித்த குளோர்பைரிபாஸ் இரண்டு வாரம் வரை பொம்மைகளின் மேல் தொடர்ந்து படிந்துகொண்டிருந்ததை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிரிவின் வாசலிலேயே இது நடந்தது என்பது என்னை மிகவும் வருத்தியது.

எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தேன். மருத்துவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. கட்டடப் பராமரிப்பு ஒப்பந்ததாரர் தம் அட்டவணைப்படி வந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார். முதல் பதிலாக வந்தது, அனுமதிக்கப்பட்ட மருந்துதான் பயன்படுத்தப்பட்டது என்ற இரண்டு வரிக் கடிதம் மட்டுமே. அந்தக் கடிதத்தை என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் ஏற்கவில்லை. மூன்று பெற்றோர் சேர்ந்து மீண்டும் எழுதிய பிறகே பிரிவுத் தலைவர் எங்களை அழைத்து வருத்தம் தெரிவித்தார். பாயும் பொம்மைகளும் மாற்றப்பட்டன, தரையும் சுவரோரமும் சோப்பு நீரால் கழுவப்பட்டன. அந்தத் தளத்தில் தெளிப்பு நிறுத்தப்பட்டு, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடுக்குகளில் மட்டும் பசை வடிவ மருந்து வைக்கும் முறை வந்தது. அதற்கு அடுத்த நான்கு வருகைகளிலும் நான் கவனித்துப் பார்த்தேன். நெடி இல்லை, குழாயடி விரிசல்கள் பூசப்பட்டிருந்தன. தவறைத் திருத்தினார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெற்றோர் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்கென்று அவர்கள் தரும் ஒரு பக்கக் குறிப்பு மிகப் பயனுள்ளது. உணவுத் துணுக்குகளை இரவில் விட்டு வைக்காமை, குப்பையை மூடி வைத்தல், ஒழுகும் குழாயைச் சரிசெய்தல், சுவர் விரிசல்களை அடைத்தல், அதற்குப் பின்னும் தேவைப்பட்டால் பசை மருந்து என்று அது படிப்படியாகச் செல்கிறது. நியூயார்க்கில் கர்ப்பிணிகளின் வீடுகளில் இதே முறையைச் செயல்படுத்திப் பார்த்தபோது கரப்பான்களும் குறைந்தன, காற்றிலிருந்த மருந்தும் குறைந்தது. நாங்கள் ஓராண்டாக இதையே பின்பற்றுகிறோம். கரப்பான் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மருந்தடிக்கும் ஆளை மீண்டும் அழைக்க நேரவில்லை.

அந்தக் குறிப்பில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. காத்திருப்புக் கூடத்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு தாய், பூப்பண்ணையில் வேலை செய்பவர். மருந்து தெளித்த செடிகளிலிருந்து மறுநாளே பூப்பறிப்பது அவர் வேலை. 29 வாரத்தில் பிறந்த மகனை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் படித்தவர், "இதுல எனக்குன்னு எதுவுமே இல்லையேக்கா" என்றார். சமையலறைக் கரப்பானைப் பற்றிப் பேசும் தாள், உடையிலும் கூந்தலிலும் மருந்தைச் சுமந்து வீடு திரும்பும் தாயைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எங்கள் இருவரில் ஆபத்தை அதிகம் சந்தித்தவர் அவரே. தேவையான அறிவுரை கிடைக்காமல் போனதும் அவருக்கே. நல்லவேளையாக, அங்கிருந்த மூத்த செவிலியர் அவரைத் தனியே அழைத்துச் சென்று, வேலை உடையை வீட்டு வாசலுக்கு வெளியே மாற்றுவது, அதைத் தனியாகத் துவைப்பது, குளித்த பிறகே குழந்தையைத் தொடுவது, தெளித்த நாளையும் மருந்தின் பெயரையும் குறித்து வருவது என்று அரை மணி நேரம் பேசினார். ஆனால் ஒரு செவிலியரின் நல்ல மனத்தைச் சார்ந்திருக்கும் அறிவுரை, அவர் விடுப்பில் இருக்கும் நாளில் கிடைக்காது. அது தாளில் அச்சாக வேண்டும்.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். குழந்தையின் உடலில் இப்போது மருந்து இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும்படி நான் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். ஆர்கனோபாஸ்பேட், பைரெத்ராய்டு ஆகியவற்றின் எச்சங்கள் சில நாள்களுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். கர்ப்பக் காலத்தில் நேர்ந்ததை இரண்டு வயதுக் குழந்தையின் சிறுநீரில் தேடுவது வீண் என்று விளக்கி மறுத்துவிட்டார்கள். நஞ்சு நீக்கும் மருந்து என்று விற்கப்படும் எதையும் குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்கள். தேவையில்லாத சோதனையைச் செய்ய மறுப்பதும் நல்ல சேவையின் இலக்கணம்தான். ஆனால் உடலில் தடயம் நிற்பதில்லை என்றால், தாயின் நினைவும் அவள் வைத்திருக்கும் ரசீதும் மட்டுமே எஞ்சும் பதிவு. அந்தக் கேள்வியை, நினைவு பசுமையாக இருக்கும்போதே, அதாவது மருந்து அடிப்பதைத் தள்ளிப்போடவும் நேரம் இருக்கும்போதே, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பேறுகாலப் பிரிவு கேட்டிருக்க வேண்டும். என் மனத்தில் இந்த மருத்துவமனையைப் பற்றி எஞ்சியிருக்கும் மிகப் பெரிய குறை இதுதான். இரண்டாம் மாடியில் கேட்பதைக் கீழ்த்தளத்தில் கேட்பதற்கு ஒரு தாளும் இரண்டு நிமிடமும் போதும். இதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

மற்றவை சில சொற்களில் அடங்கிவிடும். காத்திருக்கும் நேரம் அதிகம். மதிப்பீட்டு நாளில் குழந்தை உறங்கும் வேளையைக் கேட்டு நேரம் ஒதுக்கினால் முடிவுகள் இன்னும் துல்லியமாக இருக்கும். அறிக்கைகள் மருத்துவச் சொற்களால் நிறைந்திருக்கின்றன, ஆனால் கேட்டால் உட்கார்ந்து விளக்குகிறார்கள். இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எங்கள் கையாலேயே செய்யவைத்துக் கற்றுத் தந்தார். குறைமாதக் குழந்தையை வளர்க்கும் பெற்றோர், அதிலும் வீட்டிலோ வேலையிலோ பூச்சி மருந்தோடு பழகியவர்கள், இத்தகைய பிரிவு எட்டும் தொலைவில் இருந்தால் தயங்காமல் செல்லலாம். போகும்போது மருந்தின் பெயர், அடித்த மாதம், ரசீது அல்லது காலிக் குப்பியின் படம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எங்களைப் போல் பழைய காகிதக் கட்டைப் பிரித்துத் தேட வேண்டியிருக்காது.

இரண்டாண்டு மதிப்பீட்டில் மகளின் பேச்சும் அறிதிறனும் வயதுக்கேற்ப இருந்தன. விரல் நுண்ணியக்கம் சற்றுப் பின்தங்கியிருந்ததால், மணி கோக்கவும் மாவு உருட்டவும் தினமும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அடுத்த வருகை, திருத்திய வயது மூன்று நிறையும் மாதத்தில்.